ஓராண்டு என்று யார் சொன்னது?

கட்டடக் குறைகளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இந்த மாதத்தில் இது நான்காவது அழைப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பு, சாவி வாங்கி நான்கு ஆண்டு பத்து மாதம் ஆகிறது, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே கூரையில் ஈரம். சுத்தியலால் லேசாகத் தட்டினேன், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தது. இன்னொரு முறை தட்டியதும் முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே துருவேறிய கம்பி. கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜல்லித் துண்டு.

ஜல்லியைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. வீட்டுக்காரர் சொன்னதுதான் எரிச்சலைக் கிளப்பியது: "ஒழுகலுக்கு பில்டர் ஒரு வருடம்தான் பொறுப்பாம் சார். கட்டடமே விரிசல் விட்டால்தான் ஐந்து வருடமாம். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது."

எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் இதே பாட்டு. ரெரா என்று நாம் சொல்லும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவைத் தயவுசெய்து ஒரு முறை படியுங்கள். கட்டமைப்புக் குறையோடு அது நிற்கவில்லை. வேலைப்பாடு, தரம், சேவை வசதிகள் என எதில் குறை இருந்தாலும், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரிவித்தால், கூடுதலாகப் பணம் கேட்காமல் 30 நாள்களுக்குள் சரிசெய்வது பில்டரின் கடமை. செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். ஒழுகும் குளியலறை வேலைப்பாட்டுக் குறை இல்லாமல் வேறென்ன? ஒப்பந்தத்தில் ஓராண்டு என்று அச்சடித்துவிட்டால் சட்டத்தின் ஐந்து ஆண்டு சுருங்கிவிடாது. கணக்கைப் பத்திரப் பதிவிலிருந்து தொடங்குவதும் தவறு. வீடு கைக்கு வந்த நாள்தான் கணக்கு. (நீங்களே தரையை உடைத்துக் குழாயை மாற்றிவிட்டு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.)

'தெரிவித்தால்' என்ற சொல்லில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த வீட்டுக்காரர் பில்டரின் சூப்பர்வைசரிடம் மூன்று முறை சொன்னாராம். வாயால். அந்த சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது.

உண்மையில் இந்தச் சட்டம் வேலைக்கு வருவது ஒழுகிய பிறகுதான். ஒழுகாமல் கட்டுவதற்கான விதிகளுக்கும் ஒன்றும் பஞ்சமில்லை. தளத்துக் கம்பியை மூடும் கான்கிரீட் பொதுவாகக் குறைந்தது 20 மில்லிமீட்டர், சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது ஏழு நாள் கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 எப்போதோ சொல்லிவிட்டது. கான்கிரீட் போடும் காலையில் அதைச் சரிபார்க்க ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி. வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் பெரும்பாலும் வருவதில்லை. வருகிறவருக்குச் சம்பளம் தருவது பில்டர். வழக்கு என்று வந்தால் கான்கிரீட்டின் வலிமையைக் காட்டும் கியூப் சோதனை முடிவு, கான்கிரீட் போட்ட தேதி, முட்டு எடுத்த தேதி எதுவும் கிடைக்காது. எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அரசு செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடுமுன் பில்டரைச் சாராத பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேடு சாவியோடு வாங்குபவர் கைக்கு வர வேண்டும். செலவு யாருடையது என்பீர்கள். பிரான்சில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுபவரின் பத்தாண்டுப் பொறுப்புக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தன் பணம் போகும் என்றால் காப்பீட்டு நிறுவனமே கம்பியைக் குனிந்து பார்க்கும். நம் சட்டத்தின் 16ஆம் பிரிவும் கட்டுமானக் காப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் அது பில்டரைக் கட்டுப்படுத்தும்.

நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத அல்லது எட்டு வீடுகளைத் தாண்டாத திட்டங்களுக்கு ரெரா பதிவே கட்டாயமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வாங்குகிறவர்கள் ஐந்தாண்டுப் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மற்றவர்கள் சாவி வாங்கும் முன் குளியலறைத் தளத்தில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிக் காட்டச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக் கூரையை நீங்களே போய்ப் பாருங்கள். ஈரம் கண்டால் தேதியோடு படம் எடுத்து, கடிதமாக அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் புலம்பினால் போதாது.

இந்த வீட்டுக்காரருக்கு மீதி இருந்தது இரண்டே மாதம். என் காரின் பானெட்டில் தாளை வைத்து அங்கேயே கடிதம் எழுதினோம். தபால் நிலையம் மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிவுத் தபாலில் சேர்த்தோம்.