வலிக்கிறது என்று வாத்தியாரிடம் சொல்ல முடிகிறதா?

விப்லாஷ் என்ற அமெரிக்கப் படம் வந்தது 2014-ல். இசை படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதைச் செல்போனில் பார்த்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தஞ்சாவூரில் என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் தவில், மிருதங்க மாணவர்களில் பலருக்கு அதன் காட்சிகள் மனப்பாடம். "கையில ரத்தம் வந்தும் அவன் நிறுத்தல பாருங்க சார்" என்று கண்கள் மின்னச் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்களுடைய மணிக்கட்டு வீங்கிப்போய் என் கையில் இருக்கும்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். நியூயார்க்கில் ஓர் இசைக் கல்லூரி. ஆண்ட்ரூ என்ற 19 வயதுப் பையன் ஜாஸ் டிரம்ஸ் படிக்கிறான். அவனைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர் பிளெட்சர் திட்டுகிறார், அவமானப்படுத்துகிறார், அறைகிறார், நாற்காலியைத் தூக்கி எறிகிறார். இதெல்லாம் மேதையை உருவாக்கும் வழி என்று உண்மையாகவே நம்புகிறார். அந்த வேடத்தில் நடித்த ஜே.கே. சிம்மன்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான், அப்படி ஒரு நடிப்பு. படத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதிலிருந்து நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் பாடத்தைப் பற்றித்தான் கவலை.

ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ரூவின் காலப்பிரமாணம், அதாவது வாசிக்கும் வேகம், பிசகுகிறது. "ஓடினாயா, இழுத்தாயா?" என்று பிளெட்சர் கேட்கிறார்; முந்தினாயா, பின்தங்கினாயா என்று அர்த்தம். "தெரியல" என்கிறான் பையன். உண்மையான பதில் அது. அதற்குக் கிடைப்பது அறை. எண்ணச் சொல்லி, எண்ணிக்கைக்கு ஓர் அறை. மறுபடியும் கேட்கிறார், மறுபடியும் "தெரியல", மறுபடியும் அறை. கடைசியில் "ஓடினேன்" என்கிறான். அவன் காது அந்த நிமிடத்தில் திருந்திவிட்டதா? இல்லை. அடி நிற்பதற்கு எந்தப் பதில் வேண்டுமோ அதைச் சொல்கிறான். 'தெரியல' என்று வாத்தியாரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொள்கிறான்.

இதே 'ஓடுது' பிரச்சினை நம் ஊர்த் தவில் மாணவனுக்கும் தினமும் வருவதுதான். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் நல்ல வாத்தியார்கள் சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "ஓடுறே, நிறுத்து" என்பார்கள். கையில் தாளம் போடச் சொல்லி, வாசிக்க வேண்டிய சொற்களான சொல்கட்டை வாயால் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சொல்ல வைப்பார்கள். எங்கே முந்துகிறது என்று பையனுக்கே கேட்கும்வரை வேகம் கூட்ட மாட்டார்கள். அப்புறம்தான் சாதகக் கட்டை என்ற பயிற்சி மரக்கட்டை, அதற்கும் அப்புறம் தவில். குரல் கடுமையாக இருக்கும். ஆயிரம் தடவையும் வாசிக்க வைப்பார்கள். அந்தக் கண்டிப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, விடியற்காலைச் சாதகம் இல்லாமல் இந்தக் கலை இல்லை. ஆனால் அந்த வாத்தியாரிடம் பையன் "புரியலீங்கய்யா" என்று சொல்ல முடிகிறது. கற்றுக்கொடுப்பது நடக்கிறதா என்று நான் பார்ப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

ஏனென்றால், பயந்த பிள்ளை முதலில் தப்பை மறைக்கும். அடுத்து வலியை மறைக்கும்.

"எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டால் பதில் வருவதற்கு முன்னால் பையனின் கண் அப்பா முகத்துக்குப் போகும். "ஒரு வாரம்தான்" என்பான். அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டால், போன முகூர்த்த மாதத்திலிருந்தே வலி என்று தெரியவரும். வகுப்புக்கு முன்னால் ஸ்ப்ரே அடித்துக்கொள்வது, முழுக்கைச் சட்டைக்குள் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொள்வது, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சாமி புறப்பாட்டுக்குத் தவிலைத் தோளில் மாட்டுவது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். தவிலின் வலந்தலையை, அதாவது வலது பக்கத்தை, அடிக்க விரல்களில் கூடு போடுவார்கள். துணியில் பசை தடவிச் சுற்றிக் காயவைத்தது, மரம் மாதிரி இருக்கும். அதைக் கழற்றச் சொன்னால் உள்ளே நகக்கண் ஓரம் வெடித்து, ஈரத்தோடு வெளுத்துப்போயிருக்கும். கூடு போட்டிருக்கும்வரை யாருக்கும் தெரியாது.

படத்தில் ஆண்ட்ரூ ரத்தம் வழியும் கையை ஐஸ் தண்ணீரில் முக்கிவிட்டு மறுபடி வாசிப்பான். பையன்களுக்கு மிகவும் பிடித்த காட்சி. தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்: ஐஸ் வலியை மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். தசைநாரில் விழுந்த சுமை அப்படியே இருக்கும். மரத்துப்போன கையால் தொடர்ந்து அடித்தால், இரண்டு வார ஓய்வில் ஆற வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். கொப்புளம் உடைவது உழைப்புக்குச் சான்றும் இல்லை. பெரும்பாலும் பிடி இறுகியிருக்கிறது, அல்லது திடீரென்று நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லும் தாத்தாக்களை எனக்குத் தெரியும். பிளெட்சரிடமும் அப்படி ஒரு கதை இருக்கிறது. ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் சிறுவனாக வாசித்துத் தடுமாறியபோது டிரம்மர் ஜோ ஜோன்ஸ் அவர் தலையைக் குறிவைத்துச் சிம்பல் என்ற உலோகத் தட்டை எறிந்தார், அந்த அவமானத்தில்தான் பார்க்கர் மேதையானார் என்று அவர் சொல்வார். உண்மையில் 1930-களில் கான்சாஸ் சிட்டியில் நடந்தது வேறு. சிம்பல் விழுந்தது தரையில். மேடையை விட்டு இறங்கு என்பதற்கான சைகை அது. அவமானம் அவமானம்தான். ஆனால் அதற்கப்புறம் 1937 கோடையில் பார்க்கர் ஒரு குழுவோடு வெளியூர் போய்த் தங்கினார். சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாசித்துப் பழகினார். கூட இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அவரை உருவாக்கியதில் அந்தக் கோடைக்குப் பங்கே இல்லாததுபோல் பிளெட்சர் பேசுகிறார். ஹெராயின் பழக்கத்தோடு போராடி 1955-ல் 34 வயதிலேயே பார்க்கர் இறந்துபோனதும் பிளெட்சரின் கதையில் வராது.

படத்திலேயே இன்னொரு மாணவனும் உண்டு, பையன்கள் அவனை மறந்துவிடுகிறார்கள். பிளெட்சரின் பழைய மாணவன். கார் விபத்தில் போய்விட்டான் என்று வகுப்பில் கண்ணீர் விடுவார். அவன் தற்கொலை செய்துகொண்டான் என்பது பிறகு தெரியவரும். அவருடைய மாணவனாக இருந்த காலத்தில் தொடங்கிய பதற்றமும் மனச்சோர்வும் அவனை விடவே இல்லை. உங்கள் பிள்ளை வகுப்பு நாளன்று மட்டும் சாப்பிடாமல் இருந்தால், தூக்கம் கெட்டால், பிடித்த வாத்தியத்தைத் தொடவே மறுத்தால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும். அடி, அவமானம் என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளியில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது.

கை விஷயத்துக்கு வருகிறேன். அரை மணி நேரம் வாசித்தால் ஐந்து நிமிடமாவது கையைத் தொங்கப்போட்டு ஓய்வு கொடுங்கள். அரங்கேற்றம் வருகிறது, கல்யாண சீசன் வருகிறது என்று ஒரே வாரத்தில் நேரத்தை இரட்டிப்பாக்காதீர்கள், என்னிடம் வரும் கேஸ்களில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் ஓரம் சுருக்கென்று பிடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ராத்திரியில் விரல் மரத்துப்போனாலும், காலையில் வலியோடு எழுந்தாலும் அப்படியே. வலியே இல்லாமல், வாத்தியத்தில் கை வைத்தால் மட்டும் விரல் தானாகச் சுருண்டுகொள்கிறது என்றால் அது வேறு பிரச்சினை. நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கு மேலும் சாதகம் செய்து சரிபண்ணப் பார்த்தால் மோசமாகும்.

ஓய்வு சொல்லும்போது பெற்றோர் பயப்படுவது வாத்தியார் என்ன சொல்வாரோ என்றுதான். நேரில் போய் இப்படிக் கேளுங்கள்: "கைக்கு ரெண்டு வாரம் ஓய்வு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் தாளம் போட்டுச் சொல்கட்டு மட்டும் சொல்லட்டுமாங்கய்யா?" நான் பேசிய வாத்தியார்களில் பலர் உடனே சரி என்றார்கள். சொல்கட்டு சுத்தமாக இதுவே நேரம் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. "வலி எல்லாம் நடிப்பு, நாளைக்கே அனுப்புங்க" என்கிறவரிடம் அனுப்பாதீர்கள். டெல்டாவில் வாத்தியாருக்குப் பஞ்சம் இல்லை. தெருவுக்குத் தெரு இல்லாவிட்டாலும் ஊருக்கு ஊர் வித்வான்கள் இருக்கிறார்கள், திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தவிலும் நாதஸ்வரமும் சொல்லித்தருகிறார்கள். விசாரித்துச் சேருங்கள்.