கெட்சால்: தோகையே பெயரான பறவை

கெட்சால், பெயர்ச்சொல். தெற்கு மெக்சிகோ முதல் மேற்குப் பனாமா வரையுள்ள மலைகளில், முகில் படியும் காடுகளில் வாழும் பறவை. முதுகு பொன் கலந்த பச்சை, ஆணின் வயிறு ரத்தச் சிவப்பு. குவாத்தமாலாவின் தேசியப் பறவை. 1925 முதல் அந்நாட்டுப் பணத்துக்கும் இதே பெயர்தான்.

சொல்லின் வேர் அஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியில் இருக்கிறது. கெட்சல்லி என்றால் நீண்ட பச்சை இறகு. பறவையின் முழுப்பெயர் கெட்சல்தோதோத்ல், அதாவது இறகுப்பறவை. ஸ்பானிய மொழிக்கு வந்தபோது 'பறவை' உதிர்ந்துபோய் இறகு மட்டும் நின்றது. கெட்சால்கோவாத்ல் என்ற இறகுப்பாம்புத் தெய்வத்தின் பெயரில் இருப்பதும் இதே இறகு.

உறுப்பின் பெயர் முழு உயிருக்கு ஆகிவந்தால் நம் இலக்கணத்தில் அது சினையாகுபெயர். மயிலைத் 'தோகை' என்கிறோமே, அதேதான். பொருத்தம் அதோடு நிற்கவில்லை. மயில்தோகை உண்மையில் வாலே இல்லை. வாலின் மேல் போர்த்திய இறகுகள் அப்படி நீண்டு வளர்கின்றன. ஆண் கெட்சாலுக்கும் அப்படியே. உடல் 40 செ.மீ.க்குள் அடங்கிவிடும், தோகையோ 65 செ.மீ.யைத் தொடும். ஆகவே 'நீளவால் பறவை' என்று எழுதுவது சரிப்படாது.

இவ்வளவு நிறம் இருந்தும் சட்டெனக் கண்ணில் படாது. பச்சை முதுகைக் காட்டி அசையாமல் உட்கார்ந்தால் இலையோடு இலையாகிவிடும். அதனால் கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டே பக்கம் போகிறவர்கள் முதலில் தேடுவது அகுவாகட்டீயோ மரத்தை. வெண்ணெய்ப்பழத்தின் காட்டு உறவு அது. காய் சின்னது, கொட்டை பெரியது. கெட்சால் பறந்தபடியே பழத்தைப் பறித்து முழுதாக விழுங்கும், அப்புறம் கிளையில் உட்கார்ந்து கொட்டையைக் கக்கும். மரத்தடியில் அப்படி விழும் கொட்டைகளிலிருந்து புதுக் கன்றுகள் முளைக்கும். முட்டையிடும் காலத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு: உளுத்த மரத்தின் பொந்துக்குள் ஆண் அடைகாக்கும்போது தோகை நுனி வாசலுக்கு வெளியே தொங்கும்.

தமிழில் என்ன சொல்லலாம்? மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கும் தீக்காக்கை இதன் குடும்பம்தான். அதன் ஆணுக்கும் வயிறு சிவப்பு. தோகைத் தீக்காக்கை என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இந்த ஓர் இனத்துக்கு மட்டும். தென் அமெரிக்காவில் உள்ள மற்ற கெட்சால்களுக்கு இவ்வளவு தோகை கிடையாது, அவற்றைக் கெட்சால் என்றே எழுதலாம். 'குவெட்சால்' வேண்டாம், ஸ்பானிய உச்சரிப்பில் அந்த 'கு' இல்லை.