சந்தா மென்பொருள்: ஒரு சொல் விளக்கம்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் தமிழர் அறக்கட்டளை ஒன்று நடத்தும் பள்ளிக்கு, பள்ளி நிர்வாக மென்பொருள் பற்றி விளக்கச் சென்ற மென்பொருள் நிறுவனக் குழுவுடன் நானும் சென்றிருந்தேன். அந்நிறுவனத்தின் தமிழ் ஆவணங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. விலைக்குறிப்பில் ‘ஆண்டுச் சந்தா’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் பள்ளிச் செயலாளர் விரலை வைத்து நிறுத்தினார். “போன மாசம்தான் கணேசன் ஹப்பாவுக்குச் சந்தா கேட்டு வந்தாங்க, குடுத்தாச்சு. கம்பெனிக்கு எதுக்குங்க நாங்க சந்தா குடுக்கணும்?” என்றார். ஹப்பா என்றால் கன்னடத்தில் திருவிழா. பக்கத்தில் இருந்த கணக்கர் கிருஷ்ணகிரியில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். “சம்பளத்துல ஜி.பி.எஃப். சந்தான்னு பிடிப்பாங்களே, அந்த மாதிரிங்களா? கடைசியில திரும்ப வருமா?” என்று, அரசு ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியை நினைத்து அவர் கேட்டார். இருவரும் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்தச் சொல்லுக்கு இருக்கும் இரண்டு உண்மையான பொருள்களை ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். நான் கருதிய மூன்றாவது பொருளை ஆவணத்தில் விளக்காமல் விட்டது என் பிழை.

சந்தா என்பது பாரசீக வழியில் வந்த சொல். பாரசீகத்தில் ‘சந்த்’ என்றால் ‘எவ்வளவு’, ‘சில’ என்று பொருள். அதிலிருந்து கிளைத்த ‘சந்தா’, பலர் தங்களால் இயன்ற அளவு கொடுத்துச் சேரும் தொகையைக் குறித்து, உருது, இந்தி ஆகியவற்றின் வழியே தமிழுக்கு வந்து சேர்ந்தது. வசூல், பாக்கி, ரசீது, ஜாமீன் முதலிய சொற்கள் நவாபுகளின் ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னும் தமிழ்க் கணக்கேடுகளில் குடியேறிய அதே பாதைதான் இது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இதை உருதுச் சொல்லாகவே காட்டுகிறது. சந்தையிலிருந்து சந்தா வந்தது என்று சிலர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஒலி ஒப்புமையைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. சந்தாதாரர் என்பதில் உள்ள ‘தார்’, ‘உடையவர்’ என்னும் பொருள் தரும் பாரசீக விகுதி. தாசில்தார், ஜமீன்தார் ஆகியவற்றில் இருப்பதும் அதுவே. அந்த விகுதி நம் மொழியில் எவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது என்பதற்கு, ‘பங்கு’ என்னும் தமிழ்ச் சொல்லோடு இயல்பாக ஒட்டிக்கொண்டு ‘பங்குதாரர்’ ஆனதே சான்று.

இந்தச் சொல் நிலைபெறுவதற்கு முன் தமிழர்கள் இதே செயலுக்கு வேறொரு சொல்லை ஆண்டார்கள் என்பது பலருக்கு இன்று நினைவில் இல்லை. அந்தச் சொல் கையொப்பம். 19ஆம் நூற்றாண்டில் தமிழ் நூல் ஒன்றை அச்சிடப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. பதிப்பாளரிடம் அவ்வளவு பணம் இருக்காது. எனவே நூல் வெளிவருவதற்கு முன்பே, ‘இத்தனை படிகள் வாங்கிக்கொள்கிறேன்’ என்று ஆதரவாளர்களிடம் பட்டியலில் கையெழுத்து வாங்கி, அந்த உறுதியை நம்பி அச்சு வேலையைத் தொடங்குவார்கள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் இவ்வாறு கையொப்பம் வாங்கியே அந்தச் செலவின் ஒரு பகுதியைச் சமாளித்தார். இதில் வியப்பு என்னவென்றால், ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்பதன் இலத்தீன் வேர்ப்பொருளும் ‘அடியில் எழுதுதல்’, அதாவது கையெழுத்திடுதல் என்பதே. அங்கும் 17ஆம் நூற்றாண்டில் நூல்கள் இப்படிப் பெயர் எழுதி வாங்கியே அச்சாகத் தொடங்கின. பாரசீகச் சொல் பணத்தின் அளவைப் பார்க்கிறது. தமிழ்ச் சொல்லும் இலத்தீன் சொல்லும் கொடுக்கிறவரின் வாக்குறுதியைப் பார்க்கின்றன. மென்பொருளைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு பெரிதும் உதவும் என்பது என் துணிபு.

நாம் வாழும் ஊரின் மொழிகளும் இந்தச் சொல்லை இழுக்கின்றன. கன்னடத்தில் இதழ் வாங்குபவரைச் ‘சந்தாதார’ என்றே சொல்வார்கள். அதே சமயம் தெருப் பிள்ளையாருக்குத் திரட்டும் பணமும் ‘சந்தா’தான். இந்தியில் நன்கொடை என்னும் பொருளே முன்னால் நிற்கிறது. அரசியல் கட்சிகளுக்குத் தரும் நிதியையும் இந்திச் செய்தித்தாள்கள் ‘சந்தா’ என்று எழுதுகின்றன. மராத்தியில் இதற்கு ‘வர்கணி’ என்று தனிச் சொல் உண்டு. தமிழ்நாட்டில் இச்சொல் குறுகி, வார இதழுக்கும் சங்க உறுப்பினர் கட்டணத்துக்கும் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தத்துக்கும் உரியதாக நின்றுவிட்டது. நன்கொடைக்கு நாம் நன்கொடை என்றே சொல்கிறோம். ஆகவே ஓசூர்ப் பள்ளியில் ஐயமின்றிப் புரியும் ‘ஆண்டுச் சந்தா’, நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூருவில் உள்ள தமிழ்ப் பள்ளியில் பிள்ளையார் வசூலாகக் கேட்கிறது.

மென்பொருள் வணிகத்தில் சந்தா என்பது, ஒரு மென்பொருளை உடைமையாக வாங்காமல், குறித்த காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமைக்காகத் தொடர்ந்து செலுத்தும் கட்டணம். இதைத் தவணையோடு குழப்பக் கூடாது. தவணை ஒருநாள் முடியும். முடிந்ததும் பொருள் நமதாகும். சந்தா முடிவதில்லை, நிறுத்தினால் பயன்பாடும் நின்றுவிடும். வாடகை இதற்கு மிக நெருங்கியது. ஆயினும் வாடகை வீட்டுக்காரர் ஆண்டுதோறும் புதிய அறை கட்டித் தருவதில்லை, சந்தா வாங்கும் மென்பொருள் நிறுவனமோ திருத்தங்களையும் புதிய வசதிகளையும் தந்துகொண்டே இருக்கக் கடமைப்பட்டது. குத்தகையில் விளைச்சலின் பொறுப்பு குத்தகைதாரருடையது. இங்கே சர்வர், காப்புப்படி, பாதுகாப்பு ஆகிய பொறுப்பு முழுவதும் மென்பொருளைக் கொடுப்பவருடையது. கணக்கர் ஐயா கேட்ட வைப்பு நிதிச் சந்தா முற்றிலும் வேறு வகை. அது ஊழியரின் சொந்தச் சேமிப்பு, வட்டியோடு திரும்பும். இது திரும்பாது. இதை அவரிடம் அன்று நேராகச் சொன்னோம்.

இத்தகைய மென்பொருள் பள்ளியின் கணினியில் இல்லாமல் இணையத்தின் வழியே தொலைவிலுள்ள தரவு மையத்திலிருந்து இயங்குவதால் ‘கிளவுட்’ என்னும் அடைமொழி சேர்கிறது. வலையமைப்பு வரைபடங்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டத் தேவையில்லாத பகுதியை மேக வடிவில் வரைந்த பழக்கத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2011இல் இதற்கு வெளியிட்ட வரையறையில் ஐந்து இயல்புகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று, பயன்பாட்டை அளந்து தருதல். சந்தாவுக்கு அடித்தளம் அந்த அளவைதான். தமிழில் மேகக் கணிமை, முகில் கணிமை என்று இரண்டு வழக்குகள் உள்ளன. நான் முகிலையே எழுதுகிறேன். தமிழ்ச் சொல் என்பது ஒரு காரணம். கன்னடத்திலும் மேகத்துக்கு ‘முகிலு’ என்னும் சொல் இருப்பதால் இவ்வூரில் இரு மொழியினருக்கும் அது ஒருசேரப் புரியும் என்பது மற்றொரு காரணம்.

பள்ளிகளுக்கு இவ்வாறு விற்பதில் என்ன நன்மை என்பதைச் சொல்லாமல் சொல்லின் பொருள் முழுமை பெறாது. முன்பெல்லாம் பள்ளி மென்பொருள் குறுந்தகட்டில் வரும். பொறியாளர் ஒருவர் அலுவலகக் கணினியில் நிறுவிவிட்டுப் போவார். பிறகு ஆண்டுக்கொருமுறை ஏ.எம்.சி. என்னும் பராமரிப்பு ஒப்பந்தம். விற்ற ஆண்டில் பெருந்தொகை வரும், அடுத்த ஆண்டில் வருவாய் சரியும், மறுபடி புதுப் பள்ளி தேட வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருப்பதால் பிழைதிருத்தவே ஆள் பலம் கரைந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 800 மாணவர் உள்ள பள்ளிக்கு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்றால் சந்தா 80,000 ரூபாய். இதையே உரிமமாக விற்றால் 4,00,000 ரூபாய் கேட்க நேரும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இலட்சத்துக்கு அறக்கட்டளைக் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். எண்பதாயிரத்தை நடப்புச் செலவில் தலைமையாசிரியரும் செயலாளருமே முடிவு செய்துவிட முடியும். விற்பனை எளிதாவது இங்கேதான். விற்பவர் அந்த நான்கு இலட்சத்தைப் பெற ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் இப்படி ஐம்பது பள்ளிகள் இருந்தால், ஜூன் மாதம் பிறக்கும்போதே அவ்வாண்டுக்கு 40,00,000 ரூபாய் வரும் என்று தெரிந்து சம்பளத்தையும் சர்வர் செலவையும் திட்டமிடலாம்.

பள்ளியின் நாள்காட்டியும் இதற்கு இசைந்தது. கல்வியாண்டின் நடுவில் எந்தப் பள்ளியும் வருகைப் பதிவேட்டையும் கட்டணக் கணக்கையும் வேறு மென்பொருளுக்கு மாற்றத் துணியாது. ஆகவே ரெனியூவல் என்னும் புதுப்பிப்புப் பேச்சு ஆண்டுக்கொருமுறை, பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டுமே எழுகிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தையின் பதிவு, அது டி.சி. வாங்கிச் செல்லும்வரை ஒரே இடத்தில் வளர்கிறது. பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் மத்திய அரசின் யூடைஸ் படிவத்தில் ஒரு கட்டம் கூடினால், நிறுவனம் தன் இடத்தில் ஒருமுறை திருத்தினால் போதும்; மறுநாள் காலை எல்லாப் பள்ளிகளிலும் அந்தக் கட்டம் இருக்கும். கர்நாடகத்தின் சாட்ஸ், தமிழ்நாட்டின் எமிஸ் ஆகிய மாநில அரசுகளின் மாணவர் பதிவுத் தளங்கள் கேட்கும் விவரங்களுக்கும் இதுவே வழி. பழைய முறையில் இதே திருத்தத்துக்காகப் பொறியாளர் ஒருவர் பென்டிரைவோடு பள்ளி பள்ளியாக அலைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த நன்மைகளோடு வரும் கடமைகளை விலைக்குறிப்பிலேயே எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலாவது வரி. பள்ளிகள் அளிக்கும் கல்விச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், மென்பொருளுக்குச் செலுத்தும் 18 சதவீத வரியை அவை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது. எனவே மேற்சொன்ன 80,000 ரூபாய், பள்ளியின் கையிலிருந்து 94,400 ரூபாயாகவே போகிறது. வரி தனி என்று அடியில் சிற்றெழுத்தில் போடுவதைவிட முழுத் தொகையை எழுதுவதே முறை. இரண்டாவது, தரவு. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சந்தாவை நிறுத்தும் பள்ளிக்கு அதன் பதிவுகள் அனைத்தையும் எக்செல் போன்ற பொது வடிவில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; பிள்ளைகளின் பதிவுகளைப் பிணையாக வைத்துக்கொண்டு புதுப்பிக்கச் சொல்வது வணிகமே ஆகாது.

இனித் தமிழ் இணைச்சொல். காணொளித் தளங்களில் வழங்கும் ‘குழுசேர்’ என்பது பணம் செலுத்துவதையோ கால வரையறையையோ குறிக்காததால் இங்கே பொருந்தாது. ‘உறுப்பினர் கட்டணம்’ என்றால் பள்ளி ஏதோ சங்கத்தில் சேர்கிறது என்றாகிவிடும். ‘மகமை’ அழகான சொல். விருதுநகர் நாடார்கள் வணிகத்தின் மேல் மகமை திரட்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி நடத்தியதால் கல்வியோடும் உறவுடையது. ஆனால் அது சமுதாயத்துக்குக் கொடுக்கும் பங்கு. வாங்கும் சேவைக்குரிய விலையைக் குறிக்காது. கையொப்பத்தை மீட்டெடுக்க எனக்கு ஆசைதான். இன்று அது கையெழுத்தை மட்டுமே குறிப்பதால் ஒப்பந்தத்தில் குழப்பமே மிஞ்சும். ஆகவே சட்ட வாசகத்தில் ‘தொடர்கட்டணம்’ என்றும், பேச்சிலும் விலைக்குறிப்பிலும் ‘சந்தா’ என்றும் எழுதுவது என் வழக்கம். தொடர்கட்டணம் என்பதில் முடிவின்மையும் விலையும் இரண்டும் வெளிப்படையாக இருக்கின்றன. நன்கொடை என்று யாரும் மயங்க இடமில்லை. சந்தாவை அயற்சொல் என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் இதழுக்குச் சந்தா கட்டி வளர்ந்த சமூகத்தின் சொல் அது.

எழுதும்போது ‘சந்தாக் கட்டணம்’ என்பதைத் தவிர்க்கலாம். சந்தா என்பதே கட்டணம்தான். சந்தா கட்டுதல், சந்தாவைப் புதுப்பித்தல், சந்தாவை நிறுத்துதல் என்பவை இயல்பான தொடர்கள். ‘சந்தாவை வாங்குதல்’ என்பது யார் யாரிடம் வாங்குகிறார் என்பதை மயக்கும். ஸ்ரீராமபுரம் பள்ளியின் திருத்திய விலைக்குறிப்பில் இப்போது இப்படி இருக்கிறது: ‘மாணவர் ஒருவருக்கு ஆண்டுத் தொடர்கட்டணம் (சந்தா), வரி உட்பட 118 ரூபாய். இது நன்கொடையன்று, வைப்புத் தொகையுமன்று.’ கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் அந்தக் கணக்கர்.