பக்கத்து வீட்டுப் பாட்டி எந்த அறையில் தூங்குவார்?

1995 ஜனவரி 17 அதிகாலை 5.46-க்கு ஜப்பானின் கோபே நகரப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கணக்கு ஒன்று உண்டு. இடிபாடுகளில் சிக்கித் தானாக வெளியே வர முடியாமல் கிடந்தவர்கள் சுமார் 35,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 27,000 பேரை வெளியே எடுத்தவர்கள் தீயணைப்புப் படையினரோ ராணுவத்தினரோ இல்லை, அக்கம்பக்கத்து ஆட்கள், கையில் கிடைத்த ரம்பத்தையும் கடப்பாரையையும் கார் ஜாக்கியையும் வைத்துக்கொண்டு.

காரணம் நேரம்தான். கோபேயில் தீயணைப்புத் துறை முதல் நாளில் மீட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாம் நாளில் அது கால்வாசியாகச் சரிந்துவிட்டது. ஒரே சமயத்தில் பல இடங்களில் தீப்பிடித்து, தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, சாலைகள் அடைபட்டுக் கிடக்கும்போது எவ்வளவு நல்ல அரசாங்கமாக இருந்தாலும் முதல் சில மணி நேரத்தில் எல்லா வீட்டு வாசலிலும் வந்து நிற்க முடியாது.

நிலநடுக்க மையத்துக்கு அருகிலிருந்த ஹொக்குதான் என்ற சிற்றூரில் சுமார் 300 பேர் புதைந்தார்கள். ஊர்க்காரர்களும் உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவும் சேர்ந்து அன்று மாலைக்குள் எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி? எந்த வீட்டில் எத்தனை பேர், பாட்டி எந்த அறையில் தூங்குவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் நேராக அந்த இடத்தையே தோண்டினார்கள். எந்தக் கருவியும் அந்தத் தகவலைத் தந்திருக்காது. இதையே திருப்பிப் பாருங்கள்: யாருக்கும் தெரியாமல் ஒரு அறையில் வாடகைக்கு இருப்பவரை யாரும் தேட மாட்டார்கள், அவர் அங்கே இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாதே.

அப்புறம் நடந்தது இன்னும் வேதனையானது. வீடிழந்தவர்களுக்காக சுமார் 48,000 தற்காலிக வீடுகள் கட்டினார்கள். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை, மற்றபடி குலுக்கல். நியாயமாகத்தானே தெரிகிறது? ஆனால் ஒரே தெருவில் காலம் காலமாக வாழ்ந்தவர்கள் நகரத்துக்கு வெளியே வெவ்வேறு குடியிருப்புகளுக்குச் சிதறிப்போனார்கள், ஒரே வரிசையில் முன்பின் தெரியாத, உடல்நலம் குன்றிய முதியவர்கள் மட்டும் சேர்ந்துவிட்டார்கள். அந்தத் தற்காலிக வீடுகள் மூடப்படுவதற்குள் 233 பேர் யாரும் பார்க்காமல் தனியாக இறந்துகிடந்தார்கள். அதில் குடிக்கு அடிமையான நடுத்தர வயது ஆண்களும் இருந்தார்கள், வேலையும் போய் உறவும் போனவர்கள். பிறகு கட்டிய நிரந்தர அடுக்குமாடிகளிலும் இது நிற்கவில்லை.

ஜப்பான் இதிலிருந்து கற்றுக்கொண்டது. 2004-இல் நீகாட்டா நிலநடுக்கத்தில் யாமகோஷி கிராமத்தை முழுதாகக் காலி செய்தபோது, தற்காலிக வீடுகளைக் குக்கிராமம் வாரியாக ஒதுக்கினார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு இவானுமா நகரத்தில் ஒரு அரிய ஆய்வு கிடைத்தது: பேரிடருக்கு ஏழு மாதம் முன்பே அங்கே முதியவர்களிடம் உடல்நலம், நட்பு, பழக்கவழக்கம் பற்றிக் கேள்விகள் கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். 2013-இல் மறுபடி கேட்டபோது, தனித்தனியாக இடம் மாறியவர்களின் சமூகத் தொடர்பு குறைந்திருந்தது, கூட்டமாக இடம் மாறியவர்களிடம் அது முன்பைவிடக் கூடியிருந்தது. அதே நகரம், அதே சுனாமி, இடம் மாறிய விதம்தான் வேறு.

சரி, அக்கம்பக்கத்தார் நெருக்கமாக இருந்தால் போதுமா? போதாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1923 கான்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ பகுதியில் வதந்தியை நம்பி ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றவர்களில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து அமைத்த காவல் குழுக்களும் உண்டு. நம் ஊரிலும் பாருங்கள்: 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையை ஆராய்ந்த டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர், மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த இடங்களுக்கு நிவாரணம் வேகமாக வந்ததையும், பஞ்சாயத்தின் பட்டியலில் இடமில்லாத விதவைகள், தலித்துகள் போன்றவர்கள் பல இடங்களில் விடுபட்டதையும் சேர்த்தே பதிவு செய்தார். உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் அதே பிணைப்பு வெளியே இருப்பவரைத் தள்ளிவிடும். அதனால் ஒரு நகரம் பேரிடரைத் தாங்குமா என்று பார்க்கும்போது, பிணைப்பு எவ்வளவு இறுக்கம் என்பதோடு அது யார் யாரை எட்டுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

கோபேயில் நாகாத்தா என்ற வட்டாரம் மிக மோசமாக எரிந்தது. அங்கே காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்த கொரிய வம்சாவளியினரும் வியட்நாம் அகதிகளும் நிறைய இருந்தார்கள். தண்ணீர் லாரி எங்கே வரும், எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்ற அறிவிப்புகளெல்லாம் ஜப்பானிய மொழியில். இரண்டு வாரத்துக்குள் கொரிய மொழியில் ஒரு சின்ன வானொலி தொடங்கியது, சில மாதங்களில் எரிந்துபோன தகாத்தோரி தேவாலய வளாகத்திலிருந்து வியட்நாமிய மொழியிலும் ஒன்று. 1995 ஜூலையில் இரண்டும் சேர்ந்து எஃப்எம் வைவை என்ற ஒரே நிலையமானது, 1996 ஜனவரி 17 அன்று முறைப்படி உரிமம் பெற்ற சமூக வானொலியாக ஒலிபரப்பைத் தொடங்கியது. அது பிறகு பல மொழிகளில், அந்தந்த மக்களே நடத்தும் நிகழ்ச்சிகளாக ஒலிபரப்பைத் தொடர்ந்தது.