வாரக்கணக்கில் வைத்த இறைச்சி எப்படி மிருதுவாகிறது?

நியூயார்க் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "52ஆவது தெருவில் கேலகர்ஸ் என்று ஒரு பழைய ஸ்டேக் உணவகம். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிறைச்சியைப் பெரிய பெரிய துண்டுகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேலெல்லாம் கறுத்துக் காய்ந்து கிடக்கிறது. வாரக்கணக்கில் அப்படியே வைத்திருப்பார்களாம். ஏன் அழுகுவதில்லை? அதற்குப் போய் ஏன் அவ்வளவு விலை?"

கேலகர்ஸ் 1927இல் தொடங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரூக்ளினில் இருக்கும் பீட்டர் லூகர் அதைவிடப் பழசு; 1887இல் வந்தது. எதிரே தொழிற்சாலை வைத்திருந்து, அங்கேயே சாப்பிட்டுப் பழகிய சோல் ஃபோர்மன் என்பவர் 1950இல் அதை ஏலத்தில் எடுத்தார். அங்கும் இறைச்சியைத் தங்கள் இடத்திலேயே வைத்துத்தான் பக்குவப்படுத்துகிறார்கள்.

அழுகாததற்குக் காரணம் எளிது. அறையின் வெப்பநிலை 0 முதல் 4 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் சுமார் 80 சதவீதம், மின்விசிறி எந்நேரமும் ஓடும். மேற்பரப்பு வற்றிவிடுவதால் பாக்டீரியா பெருகத் தேவையான நீர் அங்கே கிடைப்பதில்லை. வெட்டுப்படாத சதையின் உட்புறத்தில் கிருமிகள் அநேகமாக இருக்காது. மேலே படியும் பூஞ்சையைக் காய்ந்த ஓட்டோடு சேர்த்துச் செதுக்கி எறிந்துவிடுவார்கள். நீராகப் போனது, செதுக்கிப் போட்டது இரண்டும் நஷ்டம். விலை ஏறுவது அதனால்தான்.

சரி, இவ்வளவு நஷ்டப்பட்டு எதற்காகக் காத்திருக்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தசை சுருங்க, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வேண்டும், சுருங்கியது தளரவும் ஏடிபி வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். மாடு அறுபட்டதும் ஆக்சிஜன் நின்றுவிடுகிறது. தசையில் சேமிப்பாக மிச்சமிருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப் பொருள் லாக்டிக் அமிலமாகிறது. சில மணி நேரத்தில் ஏடிபி தீர்ந்துபோக, தசையைச் சுருக்கும் இரு புரதங்களில் மயோசின், ஆக்டினைப் பிடித்த பிடியை விட முடியாமல் தசை விறைத்துக்கொள்கிறது. இந்த நிலையில் சமைத்தால் பல்லுக்குத்தான் வேலை.

உயிரோடு இருக்கும் தசை, கால்சியத்தைத் தனி அறைகளுக்குள் அடைத்து வைத்திருக்கும். வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே ஏற்றவும் ஏடிபிதான் செலவாகிறது. ஏடிபி இல்லையென்றால் கால்சியம் கசிந்து செல் முழுக்கப் பரவும். அப்போது விழித்துக்கொள்ளும் ஒரு நொதியின் பெயர் கால்பெய்ன். உயிருள்ள தசையில் புரதங்களைக் கழித்துப் புதுப்பிக்கும் வேலைக்காக இருப்பது அது. இப்போது கட்டுப்பாடு தளர்ந்து, வெட்டத் தொடங்குகிறது.

எதை வெட்டுகிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. விறைப்புக்குக் காரணமான ஆக்டின், மயோசின் பிணைப்பை அது அவிழ்ப்பதில்லை. தசையிழைகளைப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டும் டெஸ்மின், நீளவாக்கில் இழுத்துப் பிடிக்கும் டைட்டின் என்ற வேறு இரு புரதங்களை அறுக்கிறது. பிடி அப்படியே இருக்க, சட்டகம் இற்றுப்போகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகள் ஆங்காங்கே முறிந்து கிடப்பது தெரியும். கடைசியில் கால்பெய்ன் தன்னையே அறுத்துக்கொண்டு ஓய்ந்துவிடும். அதனால் மிருதுவாவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. அதற்குமேல் காத்திருப்பது ருசிக்காக. வேறு நொதிகள் புரதத்தைச் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைக்கின்றன. தக்காளிக்கு ருசி தரும் அதே குளுட்டமேட் இதிலும் சேர்கிறது.

கால்பெய்னை அடக்கி வைக்க கால்பாஸ்டாட்டின் என்ற புரதமும் தசையில் உண்டு. நம் ஊர்த் திமில் மாடுகளில் இது அதிகம். ஓங்கோல் போன்ற இந்திய மாடுகளின் வழிவந்த அமெரிக்கப் பிராமன் இனத்தின் இறைச்சி, ஐரோப்பிய இனங்களுடையதைவிடக் கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"மாட்டுக்கறி ஏன் கடினமாக இருக்கிறது என்று ஆராய மக்கள் பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த கால்பெய்ன்-3 பழுதானால் மனிதர்களுக்கு ஒருவகைத் தசைச்சிதைவு நோய் வருகிறது என்று 1995இல் தெரியவந்தது. இறைச்சிக்காகப் படித்த தசையும் நோயாளியின் தசையும் ஒரே வேதியியல்தான். பயன் என்ன என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டுதான் நிதி தருவோம் என்ற போக்கு எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் அடுப்பு. கடும் அனலில் மேற்பரப்பு சுமார் 140 டிகிரியைத் தாண்டும்போது அமினோ அமிலமும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து பழுப்பும் மணமும் தருகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் விவரித்த வினை இது. இறைச்சி ஏற்கனவே வற்றியிருப்பதால் சீக்கிரம் பொன்னிறமாகும். மேலே கருக்கினால் சாறு உள்ளே பூட்டப்படும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து தவறு. கருக்கிய இறைச்சியிலிருந்தும் சாறு வடியும். தட்டில் சிவப்பாக ஓடுவது இரத்தமும் அல்ல, தசையின் சிவப்புப் புரதமான மயோகுளோபின் கலந்த நீர்.

வீட்டு ஃபிரிட்ஜில் இதைச் செய்து பார்க்கலாமா என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். அடிக்கடி திறந்து மூடுவதால் வெப்பநிலை நிலையாக இருக்காது. கடையில் வாங்கும் சிறு துண்டில் காய்ந்த ஓட்டைச் செதுக்கினால் சாப்பிட எதுவும் மிஞ்சவும் மிஞ்சாது.