மருந்துப் பம்பு பறக்கத் தொடங்கிய பிறகு

செம்பனைத் தோட்டத்தில் ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் நடுவே 7.8 மீட்டர் இருக்கும். மரங்களை 9 மீட்டர் முக்கோணமாக நடுவதால் வரும் கணக்கு அது. ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரம். மருந்தடிக்கும் டிரோன் வாங்கித் தொழில் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்த 7.8ஐ ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எந்த வேகத்தில் பறப்பது, தொட்டியில் எவ்வளவு ஊற்றுவது, பேட்டரி எத்தனை வேண்டும் என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயா பொருத்தமான ஊர். பழையவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது இதன் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். தோட்டத்து வேலை மாறுவதும் இங்கே புதிய சங்கதி இல்லை. 1980 வரை பல தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தைக் கையால் தூவ ஆள் போட்டிருந்தார்கள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு பெருகியது, தூவும் வேலை போனது. டிரோன் அப்படி ஒரு வேலையை அடியோடு எடுத்துவிடுவதில்லை. மருந்தடிப்பவரின் முதுகிலிருந்த வேலையை எடுத்து, பறப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துவிடுகிறது. அதைப் புரிந்துகொண்டவர்தான் இந்தத் தொழிலில் நிற்கிறார்.

முதலில், எதற்கு இது உதவாது என்று சொல்லிவிடலாம். குலை வெட்டாது. வளர்ந்த மரத்தடியில் வட்டம் சுத்தம் பண்ண, அதாவது களைக்கு மருந்தடிக்க, பயன்படாது. மேலிருந்து விழும் துளி மட்டையிலேயே தங்கிவிடும். மூன்று வயதுக்குட்பட்ட இளங்கன்றுகளுக்கும், உயர்ந்த மரங்களின் மட்டையைத் தின்னும் புழுவுக்கும்தான் டிரோன். விற்பவர் வேறு என்ன சொன்னாலும் இந்த எல்லையைத் தாண்டி நம்ப வேண்டாம்.

அந்தப் புழுக்களில் முதன்மையானது பைப்புழு. இலைத் துணுக்குகளைப் பட்டிழையால் ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு பை பின்னிக்கொண்டு உள்ளே இருந்தபடியே தின்னும். பெண்பூச்சிக்குச் சிறகே கிடையாது. பைக்குள்ளேயே வாழ்ந்து, முட்டையிட்டு, அங்கேயே சாகும். 2013இல் மலேசியா இதை ஆபத்தான பயிர்ப்பூச்சி என்று அரசிதழில் அறிவித்தது. மரம் பத்து மீட்டரைத் தாண்டிவிட்டால் முதுகுப் பம்பு எட்டாது. ஒவ்வொரு மரத்திலும் துளை போட்டு மருந்து ஊற்றுவது ஒரு வழி. ஹெக்டருக்கு 143 துளை. இன்னொரு வழி பி.டி. என்ற பாக்டீரியா மருந்தை மேலிருந்து மட்டைமீது தெளிப்பது. புழு அதைத் தின்ன வேண்டும். அதன் காரத்தன்மையுள்ள குடலில் பாக்டீரியாவின் புரதப் படிகம் கரைந்து, குடல்சுவரில் துளையிடும். சில மணி நேரத்தில் தின்பது நிற்கும், சில நாளில் புழு சாகும். மகரந்தக் கூன்வண்டுக்கு இதனால் தொல்லையில்லை. ஆனால் முற்றிய புழுவிடம் பி.டி. அவ்வளவாக எடுபடாது, வெயில் அதைச் சில நாளிலேயே சிதைத்துவிடும். ஆக, குஞ்சுப்புழு வெளிவந்த நாட்களில் அடித்தால்தான் காசுக்குப் பலன். அந்த நாளை எந்தத் திரையும் காட்டாது. மட்டையை வெட்டி இறக்கி, உயிருள்ள புழுவை எண்ண ஓர் ஆள் வேண்டும்.

இனி கணக்கு. ஒரு நிரைக்கு ஒரு பறப்புக் கோடு, அகலம் 7.8 மீட்டர். நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,100 சதுர மீட்டர், அதாவது 0.21 ஹெக்டர் நனையும். ஹெக்டருக்கு 20 லிட்டர் கலவை என்று வைத்தால் பம்பு நிமிடத்துக்கு 4.2 லிட்டர் தள்ள வேண்டும். 30 லிட்டர் ஏழு நிமிடத்தில் தீரும்; ஒன்றரை ஹெக்டர், 214 மரம்.

தொட்டி 40 லிட்டர் கொள்ளும்போது ஏன் 30 ஊற்ற வேண்டும்? புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் இது. 40 லிட்டர் ரக டிரோன் தொட்டி நிரம்பினால் மொத்தம் 90 கிலோ எடை. அந்த எடையை ஆகாயத்தில் நிறுத்திப் பிடிக்கவே சுமார் 12 கிலோவாட் மின்திறன் தேவை. பேட்டரியில் இருப்பதோ ஒன்றரை கிலோவாட் மணி அளவு. அதாவது முழு எடையோடு சும்மா நின்றாலே ஏழு நிமிடம்தான். எடைக்கும் மின்திறனுக்கும் உள்ள உறவு நேர்விகிதம் கிடையாது. எடை ஏறுவதைவிடத் திறன் வேகமாக ஏறும் (எடையின் 1.5 அடுக்கு). தொட்டி காலியாகி எடை 50 கிலோவுக்கு வந்தால் பாதிக்கும் குறைவான திறனே போதும். 30 லிட்டரோடு கிளம்பினால், திரும்பும் நேரத்தையும் சேர்த்து எட்டரை நிமிடத்தில் பேட்டரியில் கால்பங்கு மிச்சத்தோடு இறங்கலாம். 40 லிட்டரோடு கிளம்பினால் கடைசி நிரைகளுக்கு மேலே மின்சாரம் போதாமல் போகும், அல்லது டிரோன் பாதியிலேயே திரும்பிவிடும். மருந்தைச் சுமந்துகொண்டு திரும்பும் டிரோன் நஷ்டத்தைத்தான் சுமந்து வருகிறது.

பேட்டரியைப் பத்து நிமிடத்தில் மறுபடி நிரப்ப ஜெனரேட்டர் குறைந்தது 9 கிலோவாட் தர வேண்டும். வீட்டுக்கு வைத்திருக்கும் 3 கிலோவாட் ஜெனரேட்டரைக் கொண்டுவந்தால் டிரோன் பெரும்பாலும் தரையில் உட்கார்ந்திருக்கும். மூன்று பேட்டரி இருந்தால் ஒன்று மேலே, ஒன்று ஆறிக்கொண்டு, ஒன்று ஏறிக்கொண்டு என்று சுற்றலாம். சூடாக இறங்கிய பேட்டரியை உடனே சார்ஜில் போடுவதுதான் அதன் ஆயுளைத் தின்கிறது. தயாரிப்பாளர் சொல்லும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை என்பது, ஆறவைத்து ஏற்றினால் வரும் கணக்கு. பேட்டரி விலையை ஆயிரத்தால் வகுத்து, அதை ஒவ்வொரு பறப்பின் செலவிலும் சேர்க்காதவர், லாபம் என்று எண்ணுவதில் பாதி பேட்டரியின் தேய்மானம்தான்.

டிரோன் எப்படி அந்த 7.8 மீட்டர் கோட்டைப் பிசகாமல் பிடிக்கிறது? கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். சில மீட்டர் வரை தவறும். அந்தத் தவறோடு பறந்தால் ஒரு நிரைக்கு இரண்டு தடவை மருந்து, பக்கத்து நிரைக்கு ஒன்றுமில்லை. ஆர்.டி.கே. முறையில், துல்லியமாக இடம் தெரிந்த ஒரு தரைநிலையம் அதே செயற்கைக்கோள்களைக் கேட்டு, தன் கணக்கு எவ்வளவு தவறுகிறது என்பதை டிரோனுக்கு நொடிக்கு நொடி சொல்லும். சமிக்ஞை அலையின் நீளம் வெறும் 19 சென்டிமீட்டர். அதில் ஒரு பகுதியைக்கூட அளக்க முடிவதால் பிழை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும். நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெம் நடத்தும் மைஆர்டிகேநெட் என்ற வலையமைப்பு இதற்காகவே நாடு முழுக்க நிலையங்கள் வைத்திருக்கிறது. தோட்டத்துக்குள் கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும் இடங்களில் அது உதவாது. சொந்தமாக ஒரு தரைநிலையத்தை முக்காலியில் நிறுத்திக்கொள்வார்கள்.

உயரத்தைப் பார்ப்பது ரேடார். மட்டைக்கு மேலே மூன்று மீட்டர் என்று அமைத்தால் அந்த இடைவெளியை அதுவே காக்கும். ஆனால் மரம் செத்துப்போன வெற்றிடம் வந்தால் டிரோன் தாழ முயலும், அடுத்த மரத்தின் குருத்தில் மோதலாம். மெல்லிய மின்கம்பி ரேடாருக்குச் சரியாகத் தெரியாது. எந்த நிரையில் எத்தனை வெற்றிடம், ஒற்றைக் கம்பி எங்கே தொங்குகிறது என்பதெல்லாம் இருபது வருஷம் அந்த டிவிஷனில் மருந்தடித்தவருக்கு மனப்பாடம். வரைபடம் போடும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைப்பவர்களின் டிரோன் அதிகம் உடைவதில்லை.

துளியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகார் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. 100 மைக்ரான் துளி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ளது, நொடிக்குக் கால் மீட்டர் வேகத்தில்தான் விழும். மூன்று மீட்டர் இறங்கப் பன்னிரண்டு நொடி. நொடிக்கு 2 மீட்டர் காற்றில் அதற்குள் அது 24 மீட்டர் தள்ளிப் போயிருக்கும், மூன்று நிரை அந்தப்பக்கம். 300 மைக்ரான் துளி இரண்டரை நொடியில் விழுந்துவிடும், விலகல் ஐந்து மீட்டர்தான். அப்படியானால் பெரிய துளியே போதாதா என்றால், விட்டம் மூன்று மடங்கானால் அதே தண்ணீரில் கிடைக்கும் துளிகள் 27இல் ஒரு பங்காகிவிடும். புழு தின்னும் இலையில் மருந்தே படாத இடங்கள் மிஞ்சும். நடுவில் காப்பாற்றுவது இறக்கைகள் கீழே தள்ளும் காற்று. அது துளியைச் சேர்த்து அழுத்தி, மட்டைகளைப் பிரித்து உள்ளே இறக்கும். வேகத்தை நொடிக்கு 7 மீட்டருக்கு ஏற்றினால் அந்தக் காற்று பின்னால் சாய்ந்துவிடும், துளிகள் சுழன்று மேலே எழும். சீக்கிரம் முடிக்கிறேன் என்பவரின் வேலை பத்து நாள் கழித்து மட்டையில் தெரியும்.

காற்றே இல்லாத விடியற்காலையும் ஆகாது. தரையோரம் குளிர்ந்த காற்று தேங்கி நிற்கும்போது நுண்துளிகள் இறங்காமல் மிதந்து, எங்கோ போய் இறங்கும். சூரியன் சற்று ஏறி, நொடிக்கு ஒன்று முதல் மூன்று மீட்டர் காற்று ஒரே திசையில் வீசும்போது அடிப்பதே சரி. சிலாங்கூர் ஆற்றோரத் தோட்டங்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு: கீழ்நோக்கிப் போனால் கம்போங் குவாந்தான், மின்மினிப் பூச்சிகளின் கரை. மின்மினியின் புழு ஆற்றங்கரை ஈரத்தில் நத்தை தின்று வளர்கிறது. பூச்சிமருந்துத் துளி அங்கே போய்ச் சேரக் கூடாது. காற்று ஆற்றை நோக்கி அடித்தால் அன்றைக்கு வேலையில்லை.

கலவையில் வரும் ஆபத்து வேறு வகை. முதுகுப் பம்பில் ஹெக்டருக்கு 250 லிட்டர் அடிப்பதாக வைத்தால், டிரோனில் அதே மருந்து 20 லிட்டருக்குள் அடங்க வேண்டும்: பன்னிரண்டு மடங்கு கெட்டி. மருந்தடிப்பவர் நனைவது நின்றது உண்மை; கலப்பவரின் கையுறை கிழிந்திருந்தால் அவர் தோலில் படுவது பன்னிரண்டு மடங்கு. பாதித் தண்ணீர் முதலில், பிறகு பொடி, அதன்பின் திரவம், எண்ணெய் வகை, கடைசியில் ஒட்டுத்திரவம், மீதித் தண்ணீர். வரிசை மாறினால் கலவை தயிர் மாதிரி திரிந்து வடிகட்டியை அடைக்கும். புதிய சேர்க்கையை முதலில் ஒரு கண்ணாடிப் போத்தலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். சகதி நிலத்து வாய்க்கால் தண்ணீரில் தூசியும் நாரும் அதிகம். மழைநீரைத் தொட்டியில் பிடித்துவைப்பதே உத்தமம். பம்பு தள்ளும் அளவைக் காட்டும் ஓட்டமானியைத் தண்ணீரில் சரிபார்த்துவிட்டு கெட்டியான மருந்தை ஊற்றினால் அளவு தவறும். அடிக்கப்போகும் கலவையிலேயே ஒரு நிமிடம் ஓடவிட்டு, வாளியில் பிடித்து அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சட்டம் சுருக்கமாக: சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம்.இன் தொலைநிலை விமானிச் சான்றிதழும் வேளாண் பறப்பு அனுமதியும் இல்லாமல் கூலிக்கு அடிக்க முடியாது. 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லேபிளில் சொன்னதற்கு மாறாக மருந்தைப் பயன்படுத்துவதும் குற்றம். பாராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து தடை. பழைய ஸ்டாக் என்று யாராவது தந்தால் வாங்கக் கூடாது.

ஊரில் இதனால் பிறக்கும் வேலைகள் டிரோனைவிடச் சுவையானவை. ஒரு குழுவுக்கு மூன்று பேர்: பறக்கவிடுபவர், கலப்பவர், நிரை முனையில் நின்று பார்ப்பவர். மருந்தடிக்க ஏழு நிமிடம், திரும்பி வந்து மாற்றி நிரப்ப மூன்று நிமிடம் என்று வைத்தால் மணிக்கு ஆறு பறப்பு, ஒன்பது ஹெக்டர். தாளில். இடம் மாறுவது, காற்று, மழை எல்லாம் போக அதில் பாதி கிடைத்தால் நல்ல நாள். இரண்டு மூன்று ஹெக்டர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களிடம் தனித்தனியாகப் போனால் அதுவும் கிடைக்காது. பைப்புழுவுக்கு எல்லைக்கல் தெரியாது. ஒருவர் அடித்து, பக்கத்தவர் விட்டால் சில மாதத்தில் திரும்பும். அக்கம்பக்கத்துச் சிறுதோட்டங்களைப் பேசி ஒரே வாரத்தில் சேர்க்கத் தெரிந்தவருக்கு, நல்ல விமானியைவிட இங்கே வருமானம் அதிகம் இருக்கும். புழு எண்ணிக் கொடுப்பது, வரைபடம் போடுவது, பம்பும் ஜெனரேட்டரும் பழுதுபார்ப்பது தனித்தனித் தொழில்கள். மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரருக்குப் பம்பின் சவ்வை மாற்றுவது கால்மணி நேர வேலை. பேட்டரியை மட்டும் அவர் திறக்கக் கூடாது.

ஒப்பந்தம் எழுதும்போது மழையைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை வாடிக்கை. அடித்து எத்தனை மணி நேரத்துக்குள் மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டும், அப்போது மருந்துச் செலவு யாருடையது, பறப்புக் கூலி யாருடையது என்று எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே முதல் தொட்டியைக் கலக்க வேண்டும்.