நிழல்வலை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம், கொல்லையில் கொத்தமல்லி போடுகிற வீடுகளில், செடிகளுக்கு மேலே வெயிலை மறைக்கக் கட்டும் வலைக்கு ‘ஷேட் கிளாத்’ என்றுதான் பேச்சு. தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘நிழல் துணி’ என்று எழுதிவிடுகிறோம். அது பிழை.

நிழலில் குறையில்லை. ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து பிரிந்த ‘ஷேட்’, ‘ஷேடோ’ இரண்டுக்கும் நமக்கு இந்த ஒரு சொல் போதும்: மரத்தடியில் கிடைப்பதும் நிழல், தரையில் நம்மோடு நடந்து வருவதும் நிழல். செய்யுளில் நீழல் என்று நீளும். கன்னடத்தில் நெரளு, இங்குள்ள தெலுங்குக் குடும்பங்களுக்கு நீட. மன்னனின் குடைநிழல் என்றபோது அது காப்பு என்றும் பொருள்பட்டது. சூலு மொழியில் நிழல் ‘உம்துன்ஸி’. டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள உம்துன்ஸினி ஊரின் பெயருக்கே ‘நிழலிடம்’ என்றுதான் பொருள்.

சிக்கல் ‘துணி’யில். இது பாலிஎத்திலீன் இழையால் பின்னியது. இழைகளுக்கு நடுவே உள்ள துளைகளான கண்கள் வழியாக வெப்பக் காற்று மேலே போகும், மழை கீழே இறங்கும். அந்த வேலையைச் செய்வதே கண்கள்தான். துணி என்று நினைத்துத் தார்ப்பாய் கட்டியவர்களின் நாற்று வெந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். இங்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுகிறவர்கள் ‘ஸ்காடுநெட்’ என்று வலையாகவே சொல்கிறார்கள். தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறையும் ‘நிழல்வலைக் குடில்’ என்றே எழுதுகிறது. ஆகவே நிழல்வலை.

வலையோடு வரும் 40, 80 என்ற எண்கள் அது தடுக்கும் வெயிலின் விழுக்காடு. கொத்தமல்லிக்கும் மிளகாய் நாற்றுக்கும் 40 போதும். 80-ஐக் கட்டினால் நாற்று வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து துவளும். உட்காரும் முற்றத்துக்கும் கார் நிறுத்தவும் 80 நல்லது.

தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்துத் தெற்குப் பக்கம் மறைக்கிறவர்களுக்கு ஒன்று: டர்பன் மகர ரேகைக்கும் தெற்கே, ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே வரும். வடக்கையும் மேற்கையும் மறையுங்கள்.

இதைப் பந்தல் என்றே சொல்லலாமே என்று கேட்பார்கள். பந்தல் பழைய சொல்; கண்ணகி திருமணத்தைச் சொல்லும் இடத்தில் சிலப்பதிகாரம் மேலே விரித்ததை விதானம் என்றும், மொத்த அமைப்பைப் பந்தர் என்றும் பிரித்தே சொல்கிறது. அந்தப் பிரிவு இங்கும் பொருந்தும். கடையில் மீட்டர் கணக்கில் வாங்குவது நிழல்வலை. கால் நட்டு, இழுத்துக் கட்டிய பிறகுதான் அது பந்தல்.